தாப்பாஸ்

தாப்பாஸ் என்பது ஸ்பெயின் நாட்டில் பானங்களுடன் சிறிய அளவில் பரிமாறப்படும் உணவு வகைகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். எசுப்பானிய மொழியில் தாப்பா என்பது ஒருமை. தாப்பாஸ் என்பது பன்மை. தாப்பா என்பது தனியொரு பண்டத்தின் பெயர் அன்று. சிறு தட்டில் வைக்கப்படும் சில ஒலிவக் காய்களும் தாப்பா எனப்படும். மண்சட்டியில் கொதிக்கும் எண்ணெயுடன் வரும் பூண்டு இறாலும் தாப்பா எனப்படும். உண்ணப்படும் அளவு, சூழல், முறை ஆகியவையே ஓர் உணவைத் தாப்பா ஆக்குகின்றன.

தாப்பாஸ் பெரும்பாலும் நண்பர்களும் உறவினரும் உடன் பணிபுரிவோரும் கூடி உண்ணும் உணவாகும். தனித்தனித் தட்டுகளில் பிரித்து வைக்காமல், மேசையின் நடுவில் வைத்து அனைவரும் பகிர்ந்து உண்பர். ஓர் உணவகத்தில் ஒன்றிரண்டு பண்டங்களை உண்டபின் அடுத்த உணவகத்திற்கு நடந்து செல்வதும் இம்முறையின் ஒரு பகுதியாகும். இவ்வாறு செல்வதைத் தாப்பேயோ என்றும், தாப்பேயார் என்னும் வினைச்சொல்லாலும் குறிப்பிடுவர்.

சொற்பிறப்பு

தாப்பா என்னும் சொல்லுக்கு எசுப்பானிய மொழியில் மூடி என்பது பொருள். மூடுதல் எனப் பொருள்படும் தாப்பார் என்னும் வினைச்சொல் இதனுடன் தொடர்புடையது. இச்சொல் கொத்திய மொழியிலிருந்து எசுப்பானிய மொழிக்கு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. இது செருமானிய மொழிகளுள் ஒன்று. உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகொத்துகள் பேசியது.

மூடியைக் குறித்த சொல் உணவைக் குறிக்கத் தொடங்கியது ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் என்பது பரவலான கருத்து. மதுக் கிண்ணத்தின் வாயை ஒரு துண்டு ரொட்டி, பன்றித் தொடை இறைச்சி அல்லது தொத்திறைச்சியால் மூடிக் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்தது என்றும், அந்த மூடியே பின்னர் தனி உணவாக வளர்ந்தது என்றும் கூறுவர். இனிப்பு மணமுள்ள மதுவில் ஈக்களும் தூசியும் விழாமல் தடுப்பதற்காகவே மூடப்பட்டது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம் ஆகும்.

தோற்றம் பற்றிய கதைகள்

தாப்பாசின் தோற்றம் குறித்துப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் இரண்டு மிகவும் அறியப்பட்டவை.

முதற்கதை 13ஆம் நூற்றாண்டில் காஸ்தில் நாட்டை ஆண்ட பத்தாம் அல்போன்சோவைப் பற்றியது. அறிஞர் எனப் பெயர் பெற்ற இம்மன்னர் 1252 முதல் 1284 வரை ஆட்சி செய்தார். நோயுற்றிருந்த அவர் மருத்துவர் அறிவுரைப்படி சிறிதளவு மதுவும் அதனுடன் சிறிதளவு உணவும் உட்கொண்டு நலம் பெற்றார் என்றும், அதன்பின் நாட்டின் விடுதிகளில் உணவின்றி மது வழங்கக்கூடாது என ஆணையிட்டார் என்றும் இக்கதை கூறுகின்றது.

இரண்டாவது கதை பதின்மூன்றாம் அல்போன்சோவைப் பற்றியது. தெற்குக் கடற்கரை நகரமான காதிசுக்கு அருகில் ஒரு விடுதியில் அவர் மது அருந்த அமர்ந்தபோது காற்று மணலை வாரி வீசியதாம். மணல் விழாதிருக்கப் பணியாள் ஓர் இறைச்சித் துண்டால் கிண்ணத்தை மூடிக் கொண்டுவந்தான். மன்னர் அதை உண்டு மகிழ்ந்து, மூடியுடன் இன்னொரு கிண்ணம் கேட்டதாகக் கதை முடிகின்றது.

இவ்விரண்டையும் உறுதிப்படுத்தும் அக்காலத்து ஆவணங்கள் காட்டப்படுவதில்லை. இரண்டும் நாட்டுப்புறக் கதைகளாகவே கொள்ளத்தக்கவை. எனினும் மதுவுடன் உணவு சேரவேண்டும் என்னும் கருத்துக்கு உடலியல் அடிப்படை உண்டு. வயிற்றில் உணவு இருக்கும்போது மது சிறுகுடலுக்குள் மெதுவாகவே செல்கின்றது. அதனால் இரத்தத்தில் மதுவின் அளவு விரைந்து ஏறுவதில்லை. மறுபுறம், உப்பு மிகுந்த உணவு தாகத்தைத் தூண்டுவதால் விற்பனை பெருகும் என்பதையும் விடுதிக்காரர்கள் அறிந்திருந்தனர்.

வரலாற்றுப் பின்னணி

தாப்பாஸ் தட்டுகளில் காணப்படும் பண்டங்கள் ஸ்பெயினின் வரலாற்றை வெளிப்படுத்துகின்றன.

உரோமர் காலத்தில் இன்றைய அந்தலூசியா பைத்திக்கா என்னும் மாகாணமாக இருந்தது. அங்கிருந்து ஒலிவ எண்ணெய் பெருமளவில் உரோம் நகருக்கு ஏற்றுமதி செய்யப்பட்டது. எண்ணெய் கொண்டுவந்த சாடிகளின் உடைந்த ஓடுகள் குவிந்து உருவான தெஸ்தாச்சியோ குன்று இன்றும் உரோமில் உள்ளது. தரிஃபா நகருக்கு அருகிலுள்ள பைலோ கிளாவுதியா என்னும் இடத்தில் உரோமர் மீன்களை உப்பிலிட்ட தொட்டிகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. உப்பிலிட்ட மீனும் ஒலிவக் காயும் இன்றும் தாப்பாசின் அடிப்படைப் பொருட்களாகும்.

கிபி 711இல் தொடங்கிய இசுலாமிய ஆட்சிக் காலத்தில் கத்தரிக்காய், பசலைக்கீரை, குங்குமப்பூ போன்றவை ஸ்பெயினின் வேளாண்மையிலும் சமையலிலும் இடம்பெற்றன. பல உணவுப் பெயர்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. ஒலிவக் காயைக் குறிக்கும் அசெய்துனா, இறைச்சி உருண்டையைக் குறிக்கும் அல்போந்திகா, கத்தரிக்காயைக் குறிக்கும் பெரென்கேனா, காடியில் ஊறவைத்த உணவைக் குறிக்கும் எஸ்கபேச்சே ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

1492இல் கொலம்பசு அமெரிக்காவை அடைந்தபின் உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், குடைமிளகாய் ஆகியவை ஐரோப்பாவுக்கு வந்தன. காரமான உருளைக்கிழங்குத் துண்டுகளும், உருளைக்கிழங்கு முட்டை அடையும், மிளகாய்ப் பொடி தூவிய பேய்க்கணவாயும் இவ்வரவு இல்லாமல் தோன்றியிருக்க இயலாது.

பன்றி இறைச்சி பெற்ற சிறப்பிடத்திற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 1492இல் ஸ்பெயினின் யூதர்கள் மதம் மாறவோ நாட்டை விட்டு வெளியேறவோ கட்டாயப்படுத்தப்பட்டனர். முசுலிம்களாக இருந்து கிறித்தவராக மாற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான மொரிஸ்கோக்கள் 1609 முதல் 1614 வரை வெளியேற்றப்பட்டனர். இக்காலத்தில் பன்றி இறைச்சியைத் தவிர்ப்பது மறைவாகப் பழைய சமயத்தைப் பின்பற்றுவதற்கான அடையாளமாக நோக்கப்பட்டு, சமய விசாரணை மன்றத்தில் குற்றச்சாட்டாகவும் முன்வைக்கப்பட்டது. பிறர் காண அதை உண்பது ஒருவரின் கிறித்தவ நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

இதே காலத்தில் எழுதப்பட்ட செர்வாந்தேசின் தோன் கீஹோத்தே புதினத்தின் இரண்டாம் பகுதியில் (1615) இன்றைய தாப்பாசை ஒத்த ஒரு விருந்து இடம்பெறுகின்றது. வெளியேற்றப்பட்ட மொரிஸ்கோவான ரிகோத்தே வேற்றுநாட்டு யாத்திரிகர்களுடன் மாறுவேடத்தில் திரும்பி வரும் வழியில் தன் பழைய அண்டை வீட்டுக்காரனான சாஞ்சோ பான்சாவைச் சந்திக்கின்றான். அனைவரும் புல்தரையில் அமர்ந்து ரொட்டி, பாற்கட்டி, கொட்டைகள், ஒலிவக் காய்கள், மீன் முட்டை, சதை தீர்ந்த பன்றித் தொடை எலும்புகள் ஆகியவற்றை நடுவில் பரப்பி, தோற்பைகளில் உள்ள மதுவுடன் சிறிது சிறிதாகப் பகிர்ந்து உண்கின்றனர். அரசாணை பிரித்துவைத்த இருவர் ஒன்றாக அமர்ந்து உண்பதாக அக்காட்சி அமைந்துள்ளது. தாப்பா என்னும் சொல் அங்குப் பயன்படுத்தப்படவில்லை.

பரிமாறும் அளவுகள்

ஒரே பண்டம் அளவைப் பொறுத்து வெவ்வேறு பெயர்களால் அழைக்கப்படுகின்றது.

- தாப்பா: ஒருவர் அல்லது இருவர் சில வாய்களில் உண்டு முடிக்கக்கூடிய சிறு அளவு.
- மேதியா ரசியோன்: அரைப் பங்கு. இரண்டு அல்லது மூன்று பேர் பகிர ஏற்றது.
- ரசியோன்: முழுப் பங்கு. நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள் பல வகை ரசியோன்களை வாங்கி நடுவில் வைத்து உண்பர்.
- பிஞ்சோ: பற்குச்சியால் குத்தி, பெரும்பாலும் ரொட்டித் துண்டின்மேல் வைக்கப்படும் பண்டம். குத்துதல் எனப் பொருள்படும் பிஞ்சார் என்னும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.
- மொந்தாதீத்தோ: சிறு ரொட்டியின் மேல் அல்லது இடையில் இறைச்சி, மீன், பாற்கட்டி முதலியவற்றை வைத்துச் செய்வது.

பல உணவகங்களில் முகப்பு மேடையருகே நின்று உண்பதற்கு ஒரு விலையும், உள்ளே மேசையில் அமர்ந்தால் ஒரு விலையும், வெளித்திண்ணையில் அமர்ந்தால் மற்றொரு விலையும் இருக்கும். நின்று உண்பவர்கள் விரைவில் இடத்தை விட்டுச் செல்வதால் குறைந்த இடத்தில் மிகுந்த வாடிக்கையாளர்களுக்கு உணவளிக்க இயலும். குறைந்த விலையில் தாப்பாஸ் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பரவலான வகைகள்

- அசெய்துனாஸ்: உப்புநீரில் ஊறவைத்த ஒலிவக் காய்கள். பறித்தவுடன் கசப்பு மிகுந்திருக்கும் இக்காய்கள் பதப்படுத்தியபின்பே உண்ணத்தக்கவையாகின்றன.
- ஹமோன்: உப்பிட்டுக் காற்றில் உலர்த்திப் பல மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை பதப்படுத்தப்படும் பன்றித் தொடை. வெண்ணிறப் பன்றியிலிருந்து பெறப்படுவது செர்ரானோ. ஐபீரியப் பன்றியிலிருந்து பெறப்படுவது இபேரிகோ. 2014இன் அரசாணைப்படி ஐபீரிய வகைகள் கறுப்பு, சிவப்பு, பச்சை, வெள்ளை ஆகிய நான்கு நிற அடையாளச் சீட்டுகளால் வேறுபடுத்தப்படுகின்றன. கலப்பற்ற இனத்தைச் சேர்ந்து, கருவாலிக் கொட்டைகளை மேய்ந்து வளர்ந்த பன்றிக்குரியது கறுப்புச் சீட்டு.
- தோர்த்தில்லா: உருளைக்கிழங்கை ஒலிவ எண்ணெயில் மெதுவாக வேகவைத்து, அடித்த முட்டையுடன் சேர்த்துத் தடித்த அடையாகச் செய்வது. இதில் வெங்காயம் சேர்க்கவேண்டுமா கூடாதா என்பது ஸ்பெயின் மக்களிடையே ஓயாமல் நடைபெறும் விவாதமாகும்.
- பத்தாத்தாஸ் பிராவாஸ்: பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளின்மேல் காரமான செந்நிறக் குழம்பை ஊற்றித் தருவது. மத்ரித் நகருடன் தொடர்புடையது.
- குரோக்கேத்தாஸ்: மாவு, கொழுப்பு, பால் ஆகியவற்றாலான கெட்டியான வெண்குழம்பில் நறுக்கிய இறைச்சியையோ மீனையோ கலந்து, ஆறவைத்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. முதல்நாள் சமையலில் எஞ்சிய இறைச்சி வீணாகாமல் இருக்க வீடுகளில் இது செய்யப்பட்டது.
- காம்பாஸ் அல் அஹீல்யோ: பூண்டும் உலர்ந்த மிளகாயும் போட்ட ஒலிவ எண்ணெயில் வேகவைத்த இறால். மண்சட்டி வெப்பத்தைத் தக்கவைப்பதால் மேசைக்கு வந்தபின்னும் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சிய எண்ணெயை ரொட்டியால் தொட்டு உண்பர்.
- போக்கெரோனெஸ் என் வினாகிரே: பச்சை நெத்திலியைக் காடியில் ஊறவைத்துப் பூண்டும் எண்ணெயும் சேர்த்தது. காடி மீனை வெண்ணிறமாக்கினாலும் அதிலுள்ள அனிசாக்கிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழுவை அழிப்பதில்லை. எனவே இவ்வாறு பரிமாறப்படும் மீனை முன்கூட்டியே உறைய வைக்கவேண்டும் என 2006இன் அரசாணை விதித்தது.
- என்சலாதீல்யா ருசா: உருளைக்கிழங்கு, காய்கறிகள், மீன் ஆகியவற்றை முட்டைக் குழைவுடன் கலந்து குளிரவைத்தது. உருசியக் கலவை என்பது இதன் பொருள். 19ஆம் நூற்றாண்டில் மாஸ்கோவில் தோன்றிய ஒலிவியே கலவையிலிருந்து இது வந்தது. பிராங்கோ ஆட்சியில் உருசியா என்னும் பெயர் விரும்பப்படாததால் தேசியக் கலவை எனவும் இது அழைக்கப்பட்டது.
- கில்தா: ஒலிவக் காய், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்திலி ஆகியவற்றைக் குச்சியில் கோத்தது. ரீட்டா ஹேவர்த் நடித்து 1946இல் வெளிவந்த கில்தா திரைப்படத்தின் பெயரைப் பெற்றது. சான் செபாஸ்தியான் நகரில் தோன்றியது.
- பிமியென்தோஸ் தே பத்ரோன்: கலீசியாவின் பத்ரோன் பகுதியைச் சேர்ந்த சிறு பச்சை மிளகாய்களை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்புத் தூவியது. பெரும்பாலானவை காரமற்றவை; இடையில் ஒன்றிரண்டு மிகுந்த காரமாக இருக்கும். எது காரமானது என்பது கடித்தபின்பே தெரியுமாதலால் நண்பர் குழுக்களில் இது ஒரு விளையாட்டாகவும் அமைகின்றது.

உண்ணும் நேரமும் முறையும்

ஸ்பெயினில் மதிய உணவு பொதுவாக இரண்டு மணிக்குப் பின்னரும் இரவு உணவு ஒன்பது மணிக்குப் பின்னரும் உண்ணப்படுகின்றன. எனவே நண்பகல் முதல் இரண்டு மணி வரையிலும், மாலை எட்டு மணி முதல் பத்து மணி வரையிலும் தாப்பாஸ் உண்பது வழக்கம். சில நாட்களில் இதுவே முழு உணவாகவும் ஆகிவிடும்.

உணவு நேரம் பிந்தியிருப்பதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று கடிகார நேரம் ஆகும். ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச்சுக்கு மேற்கே அமைந்திருந்தும், 1940இல் அந்நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்பட்டு நடு ஐரோப்பிய நேரத்திற்கு மாற்றப்பட்டன. அம்மாற்றம் பின்னர் நீக்கப்படவில்லை. அதனால் கோடைக்காலத்தில் கடிகாரம் இரண்டு மணி காட்டும்போதுதான் அங்கு ஞாயிறு உச்சிக்கு அருகில் இருக்கும்.

தாப்பேயோவில் கடைக்குக் கடை நடந்து செல்வது முக்கியமானது. ஓர் உணவகம் காளானுக்கும் மற்றொன்று தோர்த்தில்லாவுக்கும் பெயர் பெற்றிருக்கும். குழுவினர் ஒவ்வொன்றிலும் அதன் சிறப்புப் பண்டத்தையும் ஒரு சிறு பானத்தையும் வாங்கி உண்டு, அடுத்த இடத்திற்குச் செல்வர். உண்டு முடித்தபின் உடனே எழாமல் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பதைச் சோப்ரேமேசா என்பர்.

பகிர்ந்து உண்ணும் தட்டில் கடைசியாக எஞ்சும் துண்டுக்கு எசுப்பானிய மொழியில் வெட்கத்தின் துண்டு எனப் பொருள்படும் பெயர் உண்டு. தானே அதை எடுத்தால் பேராசைக்காரராகத் தோன்றுவோம் என்னும் தயக்கத்தால் எவரும் அதைத் தொடாமல் இருப்பதே இப்பெயருக்குக் காரணம். ஒருவர் மற்றவரை வற்புறுத்தி எடுக்கச் சொல்வதும், இறுதியில் அதை இரண்டாக வெட்டிக்கொள்வதும் இயல்பான காட்சிகள்.

நண்பர் குழுவும் செலவுப் பகிர்வும்

பகிர்ந்து உண்ணும்போது யார் எவ்வளவு உண்டார் எனக் கணக்கிடுவது கடினம். அதனால் செலவைப் பகிர மூன்று வழக்கங்கள் நிலவுகின்றன.

1. சுற்று முறை: ஒவ்வோர் உணவகத்திலும் குழுவில் ஒருவர் முழுச் செலவையும் ஏற்பார். அடுத்த இடத்தில் மற்றொருவர் ஏற்பார். தம் முறை வரும்முன் நழுவிச் செல்பவர் நண்பர்களிடையே கேலிக்கு ஆளாவார்.
2. பொதுப்பணம்: தொடக்கத்திலேயே அனைவரும் சம தொகையை ஒருவரிடம் கொடுத்துவிடுவர். போத்தே எனப்படும் இப்பணம் தீரும்வரை அவரே எல்லா இடங்களிலும் செலுத்துவார். பணம் தீர்ந்தால் மீண்டும் சம தொகை சேர்க்கப்படும்.
3. சமப் பங்கீடு: இறுதியில் வரும் மொத்தத் தொகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. இதற்கு எஸ்கோத்தே என்று பெயர்.

முதலிரண்டு முறைகளும் அடிக்கடி சந்திக்கும் குழுக்களுக்கே பொருந்துகின்றன. இன்று ஒருவர் சற்று மிகுதியாகக் கொடுத்தாலும் வேறொரு நாளில் அது சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை அவற்றின் அடிப்படையாகும். வருவாய் குறைந்த நண்பருக்கு இம்முறைகள் சுமையாவதும் உண்டு. அத்தகைய நிலையில் விலை குறைந்த உணவகங்களைத் தேர்வதும், அவர் முறையை மற்றவர் ஏற்பதும் வழக்கம்.

பாஸ்க் நாட்டில் இளமை முதல் சேர்ந்து வளரும் நண்பர் குழு குவாதிரீல்யா எனப்படும். இக்குழுவினர் சிறு கிண்ண மது அருந்தியவாறு கடைக்குக் கடை செல்வதைச் சிக்கித்தேயோ என்பர். அங்கு உணவுச் சங்கங்களும் உள்ளன. உறுப்பினர்கள் தாமே சமைத்து நண்பர்களுடன் உண்ணும் இச்சங்கங்களுள் பழமையானவற்றில் ஒன்றான உனியோன் ஆர்த்தெசானா 1870இல் சான் செபாஸ்தியானில் நிறுவப்பட்டது. இச்சங்கங்கள் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் உரியவையாக இருந்தன. பெண்கள் விருந்தினராக அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் சமையற்கட்டிற்குள் செல்லத் தடை இருந்தது. இத்தடை கடும் விமர்சனத்திற்கு உள்ளாகி, பல சங்கங்களில் நீக்கப்பட்டுள்ளது.

வட்டார வேறுபாடுகள்

அந்தலூசியா: கிரனாதா, அல்மேரியா, ஹயேன் ஆகிய இடங்களில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தாப்பா இலவசமாக வழங்கப்படுகின்றது. அல்மேரியாவில் எந்தத் தாப்பா வேண்டும் என வாடிக்கையாளரே தேர்ந்துகொள்வது வழக்கம். கிரனாதாவில் பெரும்பாலும் உணவகத்தாரே தீர்மானிப்பர். செவீல்யாவில் தாப்பாவுக்குத் தனி விலை உண்டு. கொண்டைக்கடலை சேர்த்த பசலைக்கீரை செவீல்யாவிலும், தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த சல்மொரேஹோ கோர்தோபாவிலும், சிறு இறால் சேர்த்த மெல்லிய பொரியடை காதிசிலும் சிறப்புப் பெற்றவை.

மத்ரித்: பானத்துடன் சில ஒலிவக் காய்களோ உருளைக்கிழங்குச் சீவலோ கொடுப்பது வழக்கம். பொரித்த கணவாய் வைத்த நீள்ரொட்டி பிளாசா மயோர் சதுக்கத்தைச் சுற்றிய கடைகளில் புகழ் பெற்றது. லா லத்தீனா பகுதியில் ஞாயிறு நண்பகலில் தாப்பாஸ் உண்போர் கூட்டம் மிகும்.

பாஸ்க் நாடும் நவாராவும்: இங்குப் பிஞ்சோவே முதன்மையானது. பாஸ்க் மொழியில் இது பின்ச்சோ என ஒலிக்கப்படுகின்றது. மேடைமேல் வரிசையாக வைக்கப்பட்ட பண்டங்களை வாடிக்கையாளர் எடுத்து உண்டு, எத்தனை உண்டோம் என்பதை இறுதியில் தாமே சொல்லிப் பணம் கொடுப்பது பழைய வழக்கம். தட்டில் எஞ்சும் பற்குச்சிகளை எண்ணியும் கணக்கிடுவர்.

கலீசியா: செப்புக் கொப்பரையில் வேகவைத்த பேய்க்கணவாயைக் கத்தரியால் துண்டாக்கி, மரத்தட்டில் வைத்து, ஒலிவ எண்ணெயும் கல்லுப்பும் மிளகாய்ப் பொடியும் சேர்த்துத் தருவர்.

காத்தலோனியா: தக்காளி தேய்த்த ரொட்டி இங்கு அடிப்படையானது. ஞாயிறு நண்பகலில் வெர்மூத் என்னும் மூலிகை மதுவுடன் தகரத்தில் அடைத்த கடலுணவுகளை உண்பது பார்செலோனாவின் வழக்கம். பார்செலோனெத்தா பகுதியில் தோன்றிய போம்பா, இறைச்சி பொதிந்த காரமான உருளைக்கிழங்கு உருண்டையாகும்.

லா ரியோகாவும் லியோனும்: லொக்ரோனியோ நகரின் லவுரேல் தெருவில் தாப்பாஸ் கடைகள் நெருங்கி அமைந்துள்ளன, பல கடைகள் ஒரே ஒரு பண்டத்துக்குப் பெயர் பெற்றவை. லியோன் நகரில் பானத்துடன் இலவசத் தாப்பா வழங்கும் வழக்கம் உண்டு.

பானங்கள்

தென்பகுதியில் ஹெரேஸ் நகரின் ஃபினோ, சன்லூக்கார் நகரின் மன்சனீல்யா ஆகிய உலர்ந்த வெண்மதுக்கள் தாப்பாசுடன் அருந்தப்படுகின்றன. சிறு கண்ணாடிக் குவளையில் தரப்படும் பியருக்குக் கான்யா என்று பெயர். குவளை சிறிதாக இருப்பதால் பியர் சூடாகும்முன் அருந்தி முடிக்க இயலும். பாஸ்க் நாட்டில் சக்கோலி என்னும் புளிப்பான வெண்மது வழங்கப்படுகின்றது. மது அருந்தாதவர்கள் மோஸ்தோ என்னும் புளிக்காத திராட்சைச் சாற்றையோ குளிர்பானங்களையோ வாங்குவர்.

அஸ்தூரியாசில் ஆப்பிள் மதுவைத் தலைக்கு மேல் உயர்த்திய புட்டியிலிருந்து இடுப்பளவில் பிடித்த குவளைக்குள் ஊற்றுவர். மெல்லிய தாரையாக விழுவதால் அதில் காற்றுக் கலந்து நுரை எழும். மரபுப்படி ஒரே குவளையை நண்பர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவர். ஒருவர் அருந்தியபின் எஞ்சும் சிறிதளவைத் தாம் வாய்வைத்த பக்கமாகக் கீழே ஊற்றி, அடுத்தவருக்காக விளிம்பைக் கழுவுவார். அஸ்தூரியாசின் ஆப்பிள் மதுப் பண்பாடு 2024இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

புகழ்பெற்ற உணவகங்கள்

செவீல்யாவின் எல் ரிங்கொன்சீல்யோ 1670ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் குறிப்பிடுகின்றது. அங்கு வாடிக்கையாளரின் கணக்கை மரமேடையின் மீதே சுண்ணக்கட்டியால் எழுதுவது வழக்கம்.

மத்ரித்தில் 1860இல் தொடங்கப்பட்ட காசா லாப்ரா பொரித்த பக்கலாவோ மீனுக்குப் பெயர் பெற்றது. 1879ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் பாப்லோ இக்லேசியாசும் அவருடைய தோழர்களும் இவ்வுணவகத்தில் கூடியே எசுப்பானியச் சோசலிசத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தனர். ஒன்றுகூடி உண்ணும் இடங்கள் அரசியல் உரையாடலின் இடங்களாகவும் இருந்தன என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மரக்கறி உண்போர் கவனிக்க வேண்டியவை

தாப்பாசில் இறைச்சியும் மீனும் மிகுதி. எனினும் ஒலிவக் காய்கள், பத்ரோன் மிளகாய், தக்காளி தேய்த்த ரொட்டி, பாற்கட்டி, தேன் ஊற்றிய கத்தரிக்காய்ப் பொரியல் முதலியவை மரக்கறி உண்போருக்கு ஏற்றவை. முட்டை உண்பவர்கள் தோர்த்தில்லாவையும் உண்ணலாம். பார்வைக்குக் காய்கறி உணவாகத் தோன்றுபவற்றிலும் இறைச்சி கலந்திருக்கக்கூடும். சல்மொரேஹோவின்மேல் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவப்படுகின்றன. என்சலாதீல்யாவில் சூரை மீன் சேர்க்கப்படுகின்றது. பிராவாஸ் குழம்பில் சில இடங்களில் இறைச்சி வடிசாறு கலக்கப்படுகின்றது. சில ஒலிவக் காய்களின் உள்ளே நெத்திலி திணிக்கப்பட்டிருக்கும். பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்களும் இவற்றைக் கேட்டறிந்து உண்பது நல்லது.

பிற நாடுகளில் தாப்பாஸ்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாப்பாஸ் உணவகங்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவின. சமையற்கலைஞர் ஹோசே ஆந்திரேஸ் பொறுப்பேற்ற ஹலேயோ 1993இல் வாஷிங்டன் நகரில் திறக்கப்பட்டது. இலண்டனின் பர்ராஃபீனா 2007இல் திறக்கப்பட்டது. அது பார்செலோனாவின் மேடை உணவகங்களைப் பின்பற்றி அமைந்தது. ஃபெர்ரான் அத்ரியாவின் எல் புல்லி உணவகம் 2011இல் மூடப்படும்வரை, பல சிறு பண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வழங்கும் முறையை உயர்நிலைச் சமையலில் புகழ்பெறச் செய்தது.

வெளிநாட்டு உணவகங்களில் தாப்பாஸ் உண்ணும் முறை சற்று மாறியுள்ளது. அங்கு நண்பர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, பல தட்டுகளை ஒன்றாக வரவழைத்து, இரவு முழுவதையும் ஒரே இடத்தில் கழிப்பர். சிறு தட்டுகள் விலை குறைந்தவை போலத் தோன்றினும், பசி தீரும்வரை வாங்கும்போது மொத்தச் செலவு ஒரு முழு உணவின் விலையை மிஞ்சிவிடுவது உண்டு. ஸ்பெயினில் எளிய மக்களின் அன்றாட உணவாக இருந்தது, பல வெளிநாட்டு நகரங்களில் சிறப்பு நாட்களுக்குரிய விருந்தாக மாறியுள்ளது.

இன்றைய நிலை

கடந்த சில பத்தாண்டுகளில் தாப்பாஸ் பண்பாடு பல மாற்றங்களைக் கண்டுள்ளது. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் உணவகங்களின் உள்ளே புகைபிடிப்பதை முற்றிலும் தடை செய்தது. 2020 மார்ச் 14 அன்று கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் உணவகங்கள் மூடப்பட்டன. மீண்டும் திறக்கப்பட்டபின்னும் பல வட்டாரங்களில் மேடையருகே நின்று உண்பது சில காலம் தடுக்கப்பட்டிருந்தது. ஒரே தட்டிலிருந்து பலர் எடுத்து உண்பதும், மூடப்படாத பண்டங்களை மேடைமேல் அடுக்கி வைப்பதும் ஐயத்துடன் பார்க்கப்பட்டன. கட்டுப்பாடுகள் நீங்கியபின் இவ்வழக்கங்கள் பெருமளவு திரும்பியுள்ளன.

சுற்றுலா இப்பண்பாட்டை உலகறியச் செய்ததோடு அதற்கு நெருக்கடியையும் தந்துள்ளது. பார்செலோனா, செவீல்யா, மத்ரித் போன்ற நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் வாடகை உயர்வதால், அக்கம்பக்கத்தார் கூடும் சிறு உணவகங்கள் பல இடங்களில் மூடப்பட்டுப் பயணிகளுக்கான கடைகளாக மாறுகின்றன. கையில் கடைப்பெயர்களின் பட்டியலுடன் வரும் பயணியும், தெரிந்த முகங்களைத் தேடி வரும் உள்ளூர்க்காரரும் ஒரே மேடைக்காகப் போட்டியிட வேண்டியுள்ளது. இலவசத் தாப்பா வழங்கும் நகரங்களில், உணவுப் பொருட்களின் விலை ஏறும்போது அதன் செலவு பானத்தின் விலையில் சேர்க்கப்படுவதும் உண்டு.

மக்கள்தொகை குறைந்துவரும் உள்நாட்டுச் சிற்றூர்களில் நிலைமை இதற்கு மாறானது. அங்கு ஊரின் ஒரே உணவகம் மூடப்பட்டால், முதியவர்கள் ஒருவரையொருவர் நாள்தோறும் சந்திக்கும் இடமும் இல்லாமல் போகின்றது. ஒருவர் வழக்கமான நேரத்தில் மேடைக்கு வராவிட்டால் அவர் நலமாக உள்ளாரா எனச் சென்று பார்க்க வேண்டும் என்பது மற்றவர்களுக்கு அங்குதான் தெரியவரும். இதனால் சில ஊர் நிருவாகங்கள் ஊருக்குச் சொந்தமான கட்டடத்தைக் குறைந்த வாடகைக்கோ, தங்கும் வீட்டுடன் சேர்த்தோ கொடுத்து, உணவகத்தை நடத்த முன்வருபவரைத் தேடுகின்றன.

இவற்றையும் பார்க்க

- எசுப்பானியச் சமையல்
- மத்தியதரைக்கடல் உணவுமுறை
- பிஞ்சோ
- மெசே
- டிம் சம்
- ஒலிவ எண்ணெய்